இசக்கித்தாய் குழந்தையின் பொட்டலம்

மெஹருன்னிசாவிடம் இருதயராஜ் மருந்து கலக்கக் கற்றுக்கொண்டிருந்தபோது நடந்தது இது.

இந்தக் கதையில் குருவுக்கு வயது கம்மி. நரையெல்லாம் சீடனுக்குத்தான். தெற்கே ஓர் ஊரில் குழந்தைகளுக்கான மருத்துவமனை. அதன் கீழ்த்தளத்தில் மருந்து கலக்கும் அறை மெஹருன்னிசாவின் பொறுப்பில் இருந்தது. பெரியவர்களுக்கென்று செய்த மாத்திரையைப் பொடித்து, எடைக்கு மருந்தில்லாத பால்சர்க்கரை சேர்த்து, கைக்குழந்தைக்கு எழுதிய அளவில் பொட்டலம் போடுவார்கள். எந்தக் கம்பெனியும் அத்தனை சின்ன மாத்திரை செய்து விற்பதில்லை. அதனால் ஒவ்வொரு குழந்தைக்கும் தனியாகப் போட வேண்டியிருந்தது.

இருதயராஜ் அதற்கு முன் பஸ் ஸ்டாண்டு எதிரே ஒரு மருந்துக் கடையில் இருந்தவர். அங்கே அட்டையைக் கிழித்துக் கொடுத்தால் வேலை முடிந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்ற கவலை கம்பெனிக்காரனுடையது. அந்தக் கடையையே மூடிவிட்டதும் இங்கே வந்தார். கவலையும் அவருடையதாகிவிட்டது.

மெஹருன்னிசா முதலில் அவரைப் பால்சர்க்கரையில் ஒரு சிட்டிகை மஞ்சளைக் கலக்கச் சொன்னார். சின்னப் பீங்கான் உரலில் இருதயராஜ் அரைத்துக்கொண்டே இருந்தார். எங்காவது மஞ்சள் கோடு தெரிந்தால் மறுபடி அரைக்க வேண்டும். மருந்தும் வெள்ளை, பால்சர்க்கரையும் வெள்ளை. நிஜ வேலையில் கண் உதவாது, கைப்பழக்கம்தான் உதவும் என்றார் மெஹருன்னிசா.

அந்த அறையில் ஒரு வழக்கம் உண்டு. பொட்டலம் போட்டவர் எடை பார்க்கக் கூடாது. இன்னொருவர்தான் பார்த்து, சரி என்று கையெழுத்துப் போட வேண்டும்.

இருதயராஜ் பயந்த சுபாவம். வீட்டைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்து, தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்து மறுபடியும் இழுத்துப் பார்க்கிற ஆள். அதற்காகவே மெஹருன்னிசாவுக்கு அவரைப் பிடிக்கும். அசட்டையாக இருப்பவரைவிட இவர் மேல் என்று நினைத்திருந்தார்.

அப்போதுதான் இசக்கித்தாய் என்ற பெண்ணின் குழந்தை வார்டுக்கு வந்தது. பிறந்து சில நாளே ஆன குழந்தை. இதயத்தில் ஓட்டை. இரண்டு வாய் பால் குடிப்பதற்குள் மூச்சு வாங்கி விட்டுவிடும். இன்னும் பெயர் வைக்கவில்லை. பிழைக்கட்டும், பிறகு வைக்கலாம் என்று வீட்டில் சொல்லிவிட்டார்களாம். அதனால் பொட்டல உறையில் ‘இசக்கித்தாய் குழந்தை’ என்றுதான் எழுதினார்கள்.

பொட்டலத்தை வாங்க இசக்கித்தாயே மருந்து அறையின் ஜன்னலுக்கு வந்தாள். உறையைக் கையில் வைத்துக்கொண்டு நகராமல் நின்றாள்.

“இதை என் பிள்ளை தாங்குமா சார்?”

டாக்டர் பார்த்துத்தான் எழுதியிருக்கிறார் என்று இருதயராஜ் சொல்லி அனுப்பினார். அவள் போய்விட்டாள். கேள்வி போகவில்லை. அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த தடவை அந்த மருந்தைப் பொடித்தபோது, தராசில் கொஞ்சம் குறைத்து வைத்தார். குறைந்ததற்குப் பால்சர்க்கரையைக் கூட்டிக்கொண்டார். மெஹருன்னிசா எடை பார்த்தார். எடை சரியாக இருந்தது. வெள்ளைக்குள் வெள்ளை எவ்வளவு என்று எந்தத் தராசும் சொல்லாது. இருதயராஜ் அன்று வயிறாரச் சாப்பிட்டார்.

அதற்குப் பிறகு அது வழக்கமாகிவிட்டது. மனசு கலங்கிய நாளில் கொஞ்சம் அதிகமாகக் குறைப்பார். அவர் இதைத் தப்பென்று நினைக்கவில்லை. கூடினால்தானே ஆபத்து, குறைந்தால் என்ன என்று நினைத்தார்.

குழந்தை தேறவில்லை. மூச்சு வாங்குவது அப்படியே இருந்தது. இசக்கித்தாய் ஜன்னலில் வந்து, மருந்து கேட்கவே மாட்டேன் என்கிறது சார் என்று அழுதாள். டாக்டர் கோமதிநாயகம் அளவைக் கூட்டி எழுதினார். கூடிய அளவைப் பார்த்ததும் இருதயராஜுக்குப் பயமும் கூடியது. இன்னும் குறைத்தார். டாக்டர் மறுபடி கூட்டினார். மேலே ஒருவர் கூட்டக் கூட்ட, கீழே ஒருவர் கழித்துக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் வேலை முடிந்ததும் இருதயராஜ், தன் தங்கச்சி மகள் நிச்சயதார்த்தத்துக்குப் போய்விட்டு, மறுநாள் காலை சற்றுத் தாமதமாக வந்தார். மேஜையில் டாக்டரின் புதுச் சீட்டு கிடந்தது. இசக்கித்தாய் குழந்தைக்கு அளவை ஒரேயடியாக இரண்டு பங்காக்கியிருந்தார். இந்த அளவுக்கும் கேட்காத குழந்தைக்கு வேறு வழியில்லை என்று நினைத்திருப்பார்.

“இதைப் போடணுமா மேடம்?” என்று கேட்டார் இருதயராஜ்.

நானே போட்டு, இன்னொருவரை எடை பார்க்க வைத்து, மேலே அனுப்பிவிட்டேன் என்றார் மெஹருன்னிசா.

இருதயராஜ் மனசுக்குள் கணக்குப் போட்டார். மெஹருன்னிசா போட்டால் எழுதியது எழுதியபடி இருக்கும். அந்தக் குழந்தை இதுவரை சீட்டில் எழுதிய அளவை ஒரு நாளும் முழுசாக வாங்கியதில்லை. நேற்று வரை அதற்குப் போனது சீட்டில் இருந்ததில் பாதிகூட இருக்காது. இன்றைக்கு அதன் மேல் அத்தனையும் ஒரே வாயில் இறங்கும். ரத்த அழுத்தத்தைக் குறைக்கிற மருந்து அது; அழுத்தம் திடீரென்று கீழே விழுந்தால் அந்தச் சின்ன உடம்பு எழுந்திருக்காது.

அப்போதும் அவருக்கு நேராகச் சொல்ல வாய் வரவில்லை. சுற்றி வளைத்துக் கேட்டார்.

“மேடம், ஒரு சந்தேகம். சின்னப் பிள்ளைக்குப் போடும்போது, கை கொஞ்சம் குறைச்சுப் போட்டா நல்லதுதானே?”

மெஹருன்னிசா அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு மேஜையில் கிடந்த சீட்டைப் பார்த்தார். எழுந்து வார்டுக்குப் போன் போட்டார்.

“சிஸ்டர், இசக்கித்தாய் குழந்தைக்குக் காலை மருந்து குடுத்தாச்சா?”

இப்போதுதான் தண்ணீரில் கரைத்துக்கொண்டிருப்பதாக நர்ஸ் சொன்னார்.

“குடுக்காதீங்க. கீழ வைங்க. டாக்டர் வந்து சொல்லுத வரைக்கும் ஒரு சொட்டுகூடக் குடுக்காதீங்க.”

போனை வைத்துவிட்டு இருதயராஜிடம், மேலே போய் டாக்டரிடம் சொல்லுங்கள் என்றார். இருதயராஜ் கைகூப்பாத குறையாக, நீங்களே சொல்லிவிடுங்கள் மேடம் என்றார்.

“எவ்வளவு குறைச்சீங்கன்னு எனக்குத் தெரியாது அண்ணாச்சி. தெரிஞ்ச ஆளு நீங்கதான்.”

அவர் சீட்டை எடுத்துக்கொண்டு படியேறிப் போனார். லிஃப்ட் இருந்தது, அது நினைவுக்கு வரவில்லை. வார்டில் டாக்டர் கோமதிநாயகம் அந்தக் குழந்தையின் கட்டிலருகேதான் நின்றிருந்தார். பக்கத்தில் இசக்கித்தாய். நர்ஸின் கையில் மருந்து கரைத்த சின்னக் கிண்ணம் இருந்தது. இருதயராஜ் எல்லாவற்றையும் சொன்னார்.

டாக்டர் சத்தம் போடவில்லை. எந்தெந்த நாளில் எவ்வளவு குறைத்தீர்கள் என்று மட்டும் கேட்டார்.

“அளவு ஒண்ணும் வச்சுக்கலை சார். அன்னைக்கு எவ்வளவு பயந்தேனோ, அவ்வளவு.”

டாக்டர் சீட்டை வாங்கிக் கிழித்தார். குழந்தை வந்த அன்றைக்கு எழுதிய அளவையே புதிதாக எழுதினார். இன்றைக்குத்தான் வைத்தியம் ஆரம்பிக்கிறது என்று நினைத்துக்கொள்ள வேண்டியதுதான் என்று நர்ஸிடம் சொன்னார். போன நாட்களைப் பற்றி அவர் பேசவில்லை.

இசக்கித்தாய்தான் பேசினாள். அவள் குரலில் கோபம்கூட இல்லை, அதுதான் இருதயராஜை வதைத்தது.

“அப்ப இத்தன நாளும் எம்பிள்ள மருந்து சாப்பிடலையா சார்?”

இருதயராஜ் அவளைப் பார்த்துக் கைகூப்பிவிட்டு வெளியே வந்தார்.

கீழே வந்ததும் மெஹருன்னிசா புது அளவுப் பொட்டலங்களை அவரையே போடச் சொன்னார். தன்னால் முடியாது என்றார் இருதயராஜ். மெஹருன்னிசா விடவில்லை. இருதயராஜ் போட்டார். தூளைத் தராசில் வைத்து, எடுத்து, மறுபடி வைத்தார். இந்த முறை மெஹருன்னிசா பொட்டலத்தை மட்டும் எடை பார்க்கவில்லை. பால்சர்க்கரை சேர்க்கும் முன் மருந்துத் தூளை நிறுக்கும்போதும் பக்கத்தில் நின்று பார்த்தார். பிறகு நடந்ததை நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்தார். சரி என்று கையெழுத்துப் போட்டது நான் என்று தன் பெயரையும் அதில் சேர்த்திருந்தார்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் கொடுமையானவை. மேலேயிருந்து போன் வந்தால் இருதயராஜ் ஸ்டூலை விட்டு எழுந்துவிடுவார். யாராவது அழுதால் ஜன்னலுக்கு ஓடுவார். வேலையை விட்டுவிடுகிறேன் என்று ஒரு நாள் சொன்னார். குழந்தை தேறட்டும், அப்புறம் பேசலாம் என்றார் மெஹருன்னிசா.

குழந்தை கொஞ்சம் கொஞ்சமாகத் தேறியது. ஒரு மத்தியானம் அது இடையில் நிறுத்தாமல் பால் குடித்து, குடித்தபடியே தூங்கிவிட்டதாக வார்டிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். இருதயராஜ் ஸ்டூலில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். மெஹருன்னிசா உரலைக் கழுவிக்கொண்டிருந்தார்.

அழுது முடித்ததும் அவர் கேட்டார்.

“கூடினா உயிர் போயிரும். குறைஞ்சா ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சேன் மேடம். எரக்கத்துலதான் செஞ்சேன். நீங்க ஒரு வார்த்த திட்டலை. எரக்கப்பட்டது தப்பா, சொல்லுங்க.”

மெஹருன்னிசா உரலைத் துணியால் துடைத்துக் கவிழ்த்து வைத்தார்.

“எரக்கப்பட்டதுக்கு நான் ஒண்ணும் சொல்லலை அண்ணாச்சி. அந்தப் பிள்ளைக்கு வைத்தியம் பாத்தது ரெண்டு பேரு. மேல ஒருத்தரு, கீழ ஒருத்தரு. மேல இருந்தவருக்கு அது தெரியாது.”