எச்சரிக்கை கடைசியில்

இந்தக் கதைக்குத் தீர்ப்புச் சொல்லும் வேலை உங்களுடையது. ஆகவே எந்த வரியையும் தாண்டாமல், ஒவ்வொன்றாக வாசியுங்கள். அப்படி வாசித்ததால்தான் இதில் ஒரு பம்ப் கருகியது என்பது உண்மை. ஆனால் உங்களுக்கு அந்த ஆபத்து இல்லை.

திருநெல்வேலிப் பக்கத்தில் ஒரு பொறியியல் கல்லூரி. அங்கே இயந்திரவியல் மாணவர்களுக்குத் தொழில்நுட்ப எழுத்து கற்பித்தவர் பேராசிரியை மங்கையர்க்கரசி. கணக்கில் புலியாகப் பாயும் பிள்ளைகள், ஒரு குழாயைத் திறக்கும் விதத்தை நாலு வரியில் எழுதச் சொன்னால் விழிக்கிறார்களே என்று நிர்வாகத்தோடு மூன்று வருடம் மல்லுக்கட்டி அந்த வகுப்பை வாங்கியவர். "கட்டுரை எழுதறதுக்கு ஒரு பீரியடா?" என்று முதல்வர் கேட்டது இன்னும் அவர் காதில் ஒலித்துக்கொண்டிருந்தது.

அந்த ஆண்டு அவர் ஒரு பயிற்சி கொடுத்தார். ஆய்வகத்தில் இருக்கும் தண்ணீர் பம்பை இயக்குவதற்கு ஒரு குறிப்பு எழுத வேண்டும். சிறந்த குறிப்பு பம்புக்கு மேலே சுவரில் நிரந்தரமாகத் தொங்கும்.

விவசாய வீட்டுப் பிள்ளையான இசக்கிதுரை முதல் வரியிலேயே இப்படி எழுதியிருந்தான்: "எச்சரிக்கை: பம்புக்குள் தண்ணீர் ஊற்றி நிரப்பாமல் சுவிட்சைப் போடாதீர்கள். தண்ணீர் கசியாமல் அடைக்கும் சீல் கருகிவிடும்."

மங்கையர்க்கரசி அந்த வரியைச் சிவப்பு மையால் சுற்றி, மூன்று மதிப்பெண் குறைத்தார். ஓரத்தில் எழுதினார்: "எச்சரிக்கைகள் கடைசியில் வர வேண்டும். ரெக்கார்டு நோட்டைப் பார்க்கவும்."

ஆய்வகச் சோதனைகளை எழுதிவைக்கும் ரெக்கார்டு நோட்டில் அப்படித்தான். நோக்கம், கருவிகள், செய்முறை, அட்டவணை, முடிவு. எல்லாம் முடிந்த பிறகே எச்சரிக்கைகள். அவரும் படிக்கிற காலத்தில் அப்படியே எழுதி முழு மதிப்பெண் வாங்கியவர்.

"மேடம், கடைசியில போட்டா, சுவிட்ச் போட்ட பிறகுல்லா படிப்பாங்க?"

"ரெக்கார்டுல எங்க இருக்கு?"

"கடைசியில, மேடம்."

"அப்புறம் என்ன?"

இசக்கிதுரை மாற்றி எழுதினான். முழு மதிப்பெண் கிடைத்தது. சிறந்த குறிப்பும் அதுவே என்று முடிவாயிற்று.

சுவரில் மாட்டுவதற்கு முன்னால் ஒரு சோதனை வைத்தார்கள். ஆய்வக உதவியாளர் சவரிமுத்துவை அழைத்தார் பேராசிரியை. பன்னிரண்டு வருடமாக அந்த பம்போடு குடித்தனம் நடத்துபவர் அவர். ஆனாலும் ஒப்பந்த வேலைதான், வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும்.

"அண்ணாச்சி, உங்களுக்கு பம்புன்னா என்னன்னே தெரியாதுன்னு வச்சுக்கோங்க. ஒரு வரி படிங்க, அதைச் செய்யுங்க. அடுத்த வரியை எட்டிப் பாக்கக் கூடாது. நடுவுல பேசவும் கூடாது."

"தெரியாத மாதிரி இருக்கணும், அவ்வளவுதானே? வீட்ல தெனமும் அதான் மேடம் செய்யுதேன்."

மாணவர்கள் சிரித்தார்கள். நான்காவது வரி, "சுவிட்சைப் போடவும்". சவரிமுத்து கையைத் தூக்கினார். மங்கையர்க்கரசி உதட்டின்மேல் விரலை வைத்தார். சவரிமுத்து இசக்கிதுரையைப் பார்த்தார். அவன் தரையைப் பார்த்தான். சவரிமுத்து சுவிட்சைப் போட்டார்.

"ஐந்து நிமிடம் காத்திருக்கவும்" என்றது அடுத்த வரி. காத்திருந்தார். பம்ப் கீச்சிட்டது; நெடி கிளம்பியது. பக்கத்தைத் திருப்பி, கடைசி வரியை அவர் உரக்கப் படித்தார்: "எச்சரிக்கை: பம்புக்குள் தண்ணீர் ஊற்றி நிரப்பாமல்..."

"எச்சரிக்கை வந்துட்டுலே, பம்புதான் போயிட்டு!" என்றது பின்வரிசை.

முதல்வர் ஒரு படிவம் அனுப்பினார். அதில் 'காரணமானவர்' என்று ஒரு கட்டம். ஒரு பெயருக்குத்தான் இடம். மாணவன் பெயர் வந்தால் வளாக நேர்காணல் பட்டியலிலிருந்து அவன் பெயர் போகும். உதவியாளர் பெயர் வந்தால் ஒப்பந்தம் முடியும். ஆசிரியர் பெயர் வந்தால் அந்த வகுப்பை மூடிவிடுவதாக முதல்வர் சொல்லியிருந்தார். அதற்குத்தானே அவர் காத்திருக்கிறார்.

மாலையில் சவரிமுத்துவும் இசக்கிதுரையும் மங்கையர்க்கரசியின் அறைக்கு வந்தார்கள்.

"எம் பேரைப் போடுங்க மேடம். தெரிஞ்சே சுவிட்சைப் போட்டவன் நான். தம்பிக்கு அடுத்த மாசம் இன்டர்வியூ."

"நீங்க சும்மா இருங்க அண்ணாச்சி. மேடம், எழுதினது நான். அண்ணாச்சி கையைத் தூக்கினப்போ வாயைத் தொறக்காம நின்னதும் நான்தான்."

மங்கையர்க்கரசி முன்னால் இருந்த அந்தப் படிவத்தில் ஏற்கெனவே ஒரு வாக்கியம் எழுதப்பட்டிருந்தது: "நீர் நிரப்பப்படாமல் பம்ப் இயக்கப்பட்டது." ஆளே இல்லாத வாக்கியம். அறிக்கை என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவரும் அவர்தான். உள்ளங்கையால் தாளை மறைத்துக்கொண்டார். சிவப்பு மை பட்ட முதல் படி அவருடைய மேசை இழுப்பறைக்குள் கிடந்தது. அதைப் பற்றி இசக்கிதுரை ஒரு வார்த்தை பேசவில்லை.

தெரிந்தும் சுவிட்சைப் போட்டவர், தெரிந்தும் மாற்றி எழுதியவன், தெரியாமல் இருவரையும் அப்படிச் செய்யச் சொன்னவர். சொல்லுங்கள்: அந்தக் கட்டத்தில் எழுத வேண்டியது யார் பெயர்?

விடை: தெரிந்து செய்ததே பெரிய குற்றம் என்று சவரிமுத்துவையோ இசக்கிதுரையையோ நீங்கள் காட்டினால், நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் எண்ணிப் பாருங்கள். ஆபத்தை ஒருவன் வாயால் கேட்டான், ஒருவர் கையைத் தூக்கிக் காட்டினார். இரண்டையும் அடக்கியவர் ஒருவரே. மங்கையர்க்கரசி அந்த ஆளில்லா வாக்கியத்தை அடித்துவிட்டு, கட்டத்தில் தன் பெயரை எழுதினார். முதல்வரும் சொன்ன சொல் தவறவில்லை, வகுப்பு மூடப்பட்டது. சிறந்த குறிப்பைச் சுவரில் மாட்டுவதாகச் சொல்லியிருந்த வாக்கு மட்டும் பாக்கி இருந்தது. வகுப்பின் கடைசி நாளில் ஆணியடித்து அவரே அதை மாட்டினார், இசக்கிதுரையின் முதல் படியை. "சிவப்பு மை இல்லாம சுத்தமா ஒண்ணு எழுதித் தாரேன் மேடம்" என்றான் அவன். அவர் சம்மதிக்கவில்லை. பம்பைத் தொட வருகிறவர்கள் முதலில் படிப்பது எச்சரிக்கையை. அதைச் சுற்றியிருக்கும் சிவப்பு மையையும்தான்.