நெட்டிப்பட்டிப் பள்ளியில் கதை நடத்திய கதை

நெட்டிப்பட்டிப் பள்ளிக்கூடத்தைப் பற்றி யாராவது கேலி பேசினால் எனக்குக் கோபம் வரும். அங்கே இருந்த நான்கு ஆசிரியர்களும் சொன்ன சொல்லைத் தட்டாதவர்கள். சொன்னதற்கு மேலே ஒரு அடி எடுத்து வைக்கவும் மாட்டார்கள், கீழேயும் வைக்க மாட்டார்கள். வந்த வினையெல்லாம் அதனால் வந்ததுதான்.

தலைமையாசிரியர் தீர்த்தகிரிக்கு ஒரு திங்கட்கிழமை கல்வி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. உங்கள் பிள்ளைகளுக்கு ஒரு கதைகூடச் சொல்லத் தெரியவில்லை, வெள்ளிக்கிழமை நேரில் வருவேன், அன்றைக்கும் சொல்லாவிட்டால் பள்ளியை மூடிவிட்டுப் பிள்ளைகளை ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் பள்ளியில் சேர்த்துவிடுவேன் என்று கல்வி அலுவலர் ரெஜினா எழுதியிருந்தார். கதையை எப்படி நடத்த வேண்டும் என்று கீழே குறிப்புகளும் இருந்தன.

தீர்த்தகிரிக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் படித்ததும் அந்தப் பள்ளியில்தான், இருபது வருஷமாக மணி அடிப்பதும் அந்தப் பள்ளியில்தான். மழைக்காலத்தில் ஆறு இடுப்பளவு ஓடும். சின்னஞ்சிறுசுகள் எப்படிக் கடக்கும் என்று நினைத்து அவருக்கு மதியச் சோறு இறங்கவில்லை. உடனே ஆசிரியர்களைக் கூட்டினார்.

மூன்றாம் வகுப்புக்குக் கோதண்டம், நான்காம் வகுப்புக்குச் சிங்காரவேலு, ஐந்தாம் வகுப்புக்குச் சூடாமணி டீச்சர். பள்ளி முழுக்க ஒரே கூடம், நடுவே இரண்டு மூங்கில் தட்டி வைத்து மூன்றாக மறைத்திருந்தார்கள். கரையான் விட்டுவைத்த கதைப்புத்தகம் ஒன்றே ஒன்று. பன்னிரண்டு பக்கம்.

"கதையின் தொடக்கம், நடு, முடிவு மூன்றையும் தனித்தனியே பிரித்துக் கற்பிக்க வேண்டும்" என்று தீர்த்தகிரி முதல் குறிப்பைப் படித்தார்.

"பிரிச்சுடலாம் சார். பிளேடு என்கிட்ட இருக்கு" என்றார் கோதண்டம்.

"வெட்டுறதுக்கு முன்னால ஒருதடவை படிச்சுப் பாத்துடலாமே?" என்றார் சூடாமணி டீச்சர்.

"படிச்சா மூணும் நமக்குத் தெரிஞ்சு போயிடும் டீச்சர். அப்புறம் தனித்தனியா எப்படி நடத்துறது?" என்றார் சிங்காரவேலு.

கோதண்டம் பிளேடை எடுத்தார். நான்கு நான்கு பக்கமாக வெட்டினார்கள். தொடக்கம் மூன்றாம் வகுப்புக்கு, நடு நான்காம் வகுப்புக்கு, முடிவு ஐந்தாம் வகுப்புக்கு. எழுதியவர் பெயர் போட்ட அட்டைதான் மிச்சம்.

"எழுதினவர் முதல்ல வருவாரா, கடைசியில வருவாரா?" என்று கேட்டார் தீர்த்தகிரி.

"எழுதி முடிச்ச பிறகுதானே சார் அவர் எழுதினவர் ஆனாரு? அப்ப முடிவுலதான்" என்றார் சூடாமணி டீச்சர். அட்டை ஐந்தாம் வகுப்புக்குப் போனது.

செவ்வாய்க்கிழமை பாடம் ஆரம்பமானது. ஒரு குயவர் பானை ஏற்றிய கழுதையோடு சந்தைக்குப் போகிறார், ஆற்றங்கரையில் கண்ணயர்கிறார், விழித்துப் பார்த்தால் கழுதையைக் காணோம். தொடக்கம் அதோடு முடிந்தது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஓவென்று அழுதார்கள். "அப்புறம் என்ன சார் ஆச்சு?" என்று கேட்டதற்கு, "அது அடுத்த வருஷப் பாடம்" என்றார் கோதண்டம்.

ஐந்தாம் வகுப்பில் அதே நேரம், எல்லோரும் மகிழ்ச்சியோடு வீடு திரும்பினார்கள் என்று பிள்ளைகள் உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எங்கே போய்விட்டுத் திரும்பினார்கள் என்று அவர்களுக்கும் தெரியாது, டீச்சருக்கும் தெரியாது. சிங்காரவேலு மட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தொடக்கம் நடந்துகொண்டிருக்கும்போது நடு எப்படி வரும் என்பது அவர் வாதம்.

மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் சாயங்காலம் வீட்டிலும் அழுதார்கள். "கழுதையைக் காணோம், ஆத்தங்கரையில தொலைஞ்சு போச்சு" என்றால் பெற்றவர்கள் சும்மா இருப்பார்களா? அதுவும் நெட்டிப்பட்டியில் பெற்றவர்கள். கயிறும் கம்புமாக ஆற்றங்கரைக்குப் போய், பொழுது சாய்வதற்குள் மேய்ந்துகொண்டிருந்த ஒரு கழுதையைப் பிடித்துவிட்டார்கள். புதன்கிழமை காலை அது பள்ளி வாசலில் நின்றது.

"இந்தாங்க சார் உங்க கழுதை. இனிமே பாத்து வச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஆசிரியர்கள் நால்வரும் கழுதையைச் சுற்றி வந்தார்கள். பானை இல்லையே தவிர மற்றதெல்லாம் புத்தகத்தில் இருந்தபடியே இருந்தது. நாலு கால், ஒரு வால். தீர்த்தகிரி இரண்டாவது குறிப்பைப் படித்தார். கதைமாந்தர்களோடு மாணவர்கள் நெருங்கிப் பழக வேண்டும்.

"பழகணும்னா தினமும் வரணும்" என்றார் கோதண்டம்.

"தினமும் வரணும்னா வருகைப் பதிவேட்டுல பேர் வேணும்" என்றார் சூடாமணி டீச்சர்.

மங்களம் என்று பெயர் எழுதி, இடம் காலியாக இருந்த நான்காம் வகுப்பில் சேர்த்துக்கொண்டார்கள். பேர் கூப்பிட்டால் பதில் சொல்ல வேண்டுமே என்று சிங்காரவேலு கவலைப்பட்டார். ஒவ்வொரு தடவையும் "மங்களம்!" என்று கூப்பிட்டுவிட்டு ஒரு துண்டு கருப்பட்டி கொடுத்தார். மத்தியானத்துக்குள் அது பேர் கேட்டதும் ஊரே அதிரக் கத்தப் பழகிவிட்டது. அந்த வகுப்பில் அவ்வளவு தெளிவாகப் பதில் சொன்ன பிள்ளை அதற்கு முன் கிடையாது.

மூன்றாவது குறிப்பு வியாழக்கிழமைக்கு. கதை நடக்கும் இடத்தை மாணவர்களின் கண்முன் கொண்டுவர வேண்டும்.

"பிள்ளைங்களை ஆத்தங்கரைக்குக் கூட்டிட்டுப் போனா என்ன?" என்றார் தீர்த்தகிரி.

"கொண்டுவரணும்னுதான் சார் போட்டிருக்கு. கொண்டுபோகணும்னு போடலை" என்றார் கோதண்டம்.

ஐம்பது குடம் ஆற்றைக் கொண்டுவந்து கூடத்தில் ஊற்றினார்கள். தரை நான்காம் வகுப்புப் பக்கம்தான் பள்ளம். ஆறு அங்கே போய்த் தேங்கி, சிங்காரவேலு தரையில் வைத்திருந்த கதையின் நடு நனைந்துபோனது. அவர் அதை எடுத்து முற்றத்தில் வெயிலில் விரித்து, பறக்காமல் நாலு கல் வைத்துவிட்டுத் தண்ணீர் தள்ளப் போனார். திரும்பி வந்து பார்த்தால் கல் மட்டும் இருந்தது. பக்கத்தில் மங்களம் மென்றுகொண்டிருந்தது.

சிங்காரவேலு தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "நான் ஒரு வரிகூடப் படிக்கலையே! நாளைக்கு நடு எங்கேன்னு கேட்டா என்ன சொல்லுவேன்?"

"மங்களத்துக்கிட்ட இருக்குன்னு சொல்லுங்க. உண்மைதானே" என்றார் சூடாமணி டீச்சர்.

தீர்த்தகிரி பள்ளி மணியைக் கழற்றித் துடைத்து, துணியில் சுற்றி, திரும்பவும் பிரித்து மாட்டினார். பார்க்கவே பாவமாக இருந்ததாம்.

வெள்ளிக்கிழமை ரெஜினா அம்மா வந்தார். பதினொன்றரை மணிப் பேருந்தைப் பிடிக்க வேண்டும் என்று தட்டிக்கு இந்தப் பக்கம், மூன்றாம் வகுப்பிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். "எங்கே, கதையைச் சொல்லுங்கள்" என்றார்.

மூன்றாம் வகுப்பிலிருந்து ஒரு சிறுமி எழுந்து குயவரைச் சந்தைக்கு அனுப்பினாள், ஆற்றங்கரையில் தூங்க வைத்தாள். "முழிச்சுப் பாத்தா கழுதையைக் காணோம்!" என்று சொல்லும்போதே அழுதுவிட்டாள். வகுப்பு முழுவதும் சேர்ந்து அழுதது. ரெஜினா அம்மாவும் கைக்குட்டையை எடுத்தார்.

"அப்புறம்?"

தட்டிக்கு அந்தப் பக்கம் நான்காம் வகுப்புப் பிள்ளைகள் சிங்காரவேலுவைப் பார்த்தார்கள், சிங்காரவேலு மேல்கூரையைப் பார்த்தார். நடு யாரிடம் இருக்கிறதோ அவர்தானே சொல்ல வேண்டும்? சிங்காரவேலு நேர்மையான மனிதர். "மங்களம்!" என்று கூப்பிட்டார்.

மங்களம் கத்தியது. தட்டி ஆடியது.

உடனே ஐந்தாம் வகுப்பு ஒரே குரலில், "எல்லோரும் மகிழ்ச்சியோடு வீடு திரும்பினார்கள்!" என்று முடித்து, எழுதியவர் பெயரையும் சேர்த்துச் சொன்னது.

ரெஜினா அம்மா எழுந்து நின்று கைதட்டினார். "இத்தனை வருஷத்துல இப்படி ஒரு பள்ளியை நான் பார்த்ததில்லை! அந்த நடுப்பகுதியைச் சொன்ன பிள்ளை யார்? அச்சு அசலா கழுதையேதான்!"

"மங்களம், அம்மா. நாலாம் வகுப்பு. சேர்ந்த நாள்லேர்ந்து ஒருநாள்கூட லீவு போட்டதில்லை" என்றார் தீர்த்தகிரி.

பள்ளி மூடப்படாது என்று அந்த இடத்திலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார் ரெஜினா அம்மா. தீர்த்தகிரி அழுதே விட்டார். அந்த அம்மா பையிலிருந்து புத்தம்புதுக் கதைப்புத்தகம் ஒன்றை எடுத்தார். அதே கதை, பன்னிரண்டு பக்கமும் அட்டையும் முழுசாக. 'மங்களத்துக்கு, அன்புடன்' என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் பேருந்துக்கு ஓடினார்.

"பள்ளிக்கே ஒரு புத்தகந்தான் சார். நாமே வச்சுக்கலாமா?" என்று கோதண்டம் மெல்லக் கேட்டார்.

"பேர் போட்டுக் கொடுத்திருக்காங்க" என்றார் தீர்த்தகிரி. பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்து, மணி அடித்து, பரிசை முறைப்படி மங்களத்திடம் கொடுத்தார். அது தொடக்கத்தில் ஆரம்பித்து, நடுவைக் கடந்து, முடிவு வரைக்கும் நிறுத்தாமல் போனது. கடைசியாக எழுதியவரையும் விடவில்லை.

நால்வரும் கூடிப் பேசினார்கள். கதையை முழுசாக உள்ளே வாங்கியவர் இப்போது அந்தப் பள்ளியில் ஒருவர்தான் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. திங்கட்கிழமை முதல் கதைப் பாடத்தை மங்களம்தான் எடுக்கிறது. நாற்காலி போட்டார்கள், அது உட்காரவில்லை. நல்ல ஆசிரியர்கள் நின்றுகொண்டுதான் பாடம் நடத்துவார்கள் என்றார் சூடாமணி டீச்சர்.