ஒப்புக்குச் சப்பாணி

"அம்மா, நான் உண்டாக்குன ஆட்டத்தை யாரும் ரெண்டாந்தடவை ஆட மாட்டேங்கிறாங்க" என்றார் மாசிலாமணி.

வந்தவர் வணக்கம்கூடச் சொல்லவில்லை. அவ்வளவு மனக்குறை.

சிறுமலை அடிவாரத்தில் இருந்தது அந்த மடம். பெயர்தான் மடம். பூசை கிடையாது, பிரசங்கம் கிடையாது. வருகிறவர்கள் அலமாரியைத் திறந்து பிடித்த ஆட்டத்தை எடுத்து ஆடலாம். பசித்தால் சாப்பிடலாம். அலுத்தால் வீட்டுக்குப் போகலாம்.

மடத்தை நடத்துகிற அம்மாவுக்கு முப்பது வயதிருந்தால் அதிகம். பெற்றவர்கள் வைத்த பெயர் என்னவோ, ஊர் வைத்த பெயர் கும்மாளத்தம்மா.

அவர் புளியங்கொட்டைகளைக் கல்லில் தேய்த்துக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் வெள்ளையாகும்வரை தேய்த்தால் தாயக்கட்டைக்குச் செலவு மிச்சம்.

"வாங்கய்யா. முதல்ல அலமாரியில ஏதாவது எடுங்க. ஒரு ஆட்டம் போட்டுட்டுப் பேசலாம்."

மாசிலாமணி அலமாரியைத் திறந்தார். முன்சீப் கோர்ட்டில் பெஞ்சு கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டதில்லை.

"தாயம். இதுல அதிர்ஷ்டம் அதிகம்."

"சரி."

"கேரம். ஊருக்கு ஊர் ரூல் மாறுது."

"சரி."

"பரமபதம். கடிக்கிற பாம்பு என்ன குத்தத்துக்குக் கடிக்குதுன்னே சொல்லலை."

கும்மாளத்தம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டார். "அப்ப உங்க ஆட்டத்தையே காட்டுங்க."

அதற்காகத்தானே வந்தது. மாசிலாமணி பெட்டியைத் திறந்து துணியை விரித்தார்.

ஆட்டத்தின் பெயர் மடை. நடுவில் ஏரி, சுற்றிலும் நாலு வயல். கொட்டைகளை உருட்ட வேண்டும். எத்தனை வெள்ளை விழுகிறதோ அத்தனை நீலமணிகளை ஏரியிலிருந்து எடுத்து வயலில் வைக்க வேண்டும். வயல் முதலில் நிறைந்தவருக்கு வெற்றி. எல்லாக் கொட்டையும் வெள்ளையாக விழுந்துவிட்டால் யோகம்: அடுத்த வயலின் மடையை வெட்டி அங்கிருக்கும் தண்ணீரைத் தன் பக்கம் திருப்பிக்கொள்ளலாம்.

கோர்ட்டில் அவர் கட்டு கட்டாகப் பார்த்த வழக்குகளில் பாதி இதுதான்.

"நல்ல ஆட்டமா இருக்கே!"

"நல்ல ஆட்டந்தாம்மா. விதிய மட்டும் அப்பப்பக் கொஞ்சம் சேர்த்தேன்."

"எதுக்கு?"

"முதல் தடவை என் மச்சினன் ஜெயிச்சான். எப்படி ஜெயிச்சான்னு யோசிச்சேன். ஒரு ஓட்டை இருந்துச்சு. அடைச்சேன். அடுத்தாப்புல பக்கத்து வீட்டு ஆரோக்கியம் ஜெயிச்சாரு. அந்த ஓட்டையையும் அடைச்சேன்."

"அப்புறம்?"

"அப்புறம் நான் ஜெயிக்க ஆரம்பிச்சேன்."

"அப்புறம்?"

"அப்புறம் யாரும் வரலை."

சொல்லிவிட்டு விதிப் புத்தகத்தை எடுத்துத் தரையில் வைத்தார். தொம் என்று விழுந்தது.

அந்தப் புத்தகப்படி, மடை வெட்டப்பட்டவர் புகார் கொடுக்க வேண்டும். வெட்டியவர் பதில் தாக்கல் செய்ய வேண்டும். சாட்சி உண்டு, குறுக்கு விசாரணை உண்டு, வாய்தாவும் உண்டு. ஒரு மடை வெட்டி முடிவதற்குள் போட்டு வைத்த காபி ஆறி ஏடு கட்டிவிடும்.

"ஆளுங்க கூடணும்னுதாம்மா இதை உண்டாக்குனேன்" என்றார் மாசிலாமணி. குரல் இறங்கிவிட்டது. "இப்ப வீடு வெறிச்சுன்னு கிடக்கு. இவகூட ஆட மாட்டேங்கிறா. பெட்டிய எடுத்தாலே தலைவலிங்கிறா. நாங்க ரெண்டு பேரும் எதிரெதிரே உக்காந்தே ஒரு வருஷம் ஆகப்போகுது."

இவள் என்றது மனைவி தனபாக்கியத்தை. அந்த அம்மாள் வாசலில் முருங்கை மரத்துக்கடியில் உட்கார்ந்து மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்படியே திரும்பிப் பார்த்தாலும் பெட்டி கண்ணில் படாதபடி இடம் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

மாசிலாமணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இதுல எந்த விதி தப்புன்னு சொல்லுங்க. திருத்திடறேன்."

கும்மாளத்தம்மா புத்தகத்தைத் தொடவில்லை.

"இதுல ஒப்புக்குச் சப்பாணி யாரு?"

"யாரு?"

"ஒப்புக்குச் சப்பாணிங்கய்யா. சின்னப் பிள்ளையில ஆடினதில்லையா? பொடிசு ஒண்ணு நானும் வருவேன்னு அழும். சரி வந்து தொலைன்னு சேர்த்துக்குவோம். அதுவும் ஓடும், ஒளியும், தொடும். ஆனா தொட்டாலும் அவுட் இல்லை, தொடப்பட்டாலும் அவுட் இல்லை."

"தெரியும், தெரியும். ஆனா அதுக்கு இதுல விதி இல்லையே."

"அப்ப ஆட்டம் இன்னும் முழுசாகலை" என்று சொல்லிவிட்டுக் கும்மாளத்தம்மா கொட்டை தேய்க்கப் போய்விட்டார்.

மாசிலாமணிக்கு முகம் மலர்ந்தது. குறை தெரிந்துவிட்டது. பேனாவை எடுத்துக்கொண்டு ஒரு மூலைக்குப் போனார்.

சாப்பாட்டு வேளைக்குத் திரும்பி வந்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டு படித்தார்.

"அத்தியாயம் பன்னிரண்டு. ஒப்புக்குச் சப்பாணி: தகுதி, நியமனம், உரிமைகள், கடமைகள் மற்றும் நீக்கம். பிரிவு ஒன்று. சப்பாணியாகச் சேர விரும்பும் நபர், ஆட்டம் தொடங்குவதற்கு முன்பாக, ஏனைய ஆட்டக்காரர்களுக்கு உரிய அறிவிப்பு..."

அடுப்படி வாசலில் டங்கென்று கரண்டி விழுந்தது. சமையல்காரர் சடையாண்டி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கும்மாளத்தம்மாவுக்கோ கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

மாசிலாமணி தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பாவமாக இருந்தது பார்க்க.

"கோவிச்சுக்காதீங்கய்யா. வாங்க, ஆடிப் பார்த்துருவோம். நீங்கதான் சப்பாணி."

"நானா? இந்த ஆட்டத்தை உண்டாக்குனவன் நான்!"

"ஆமா."

"நான் உண்டாக்குன ஆட்டத்துல நானே சப்பாணியா?"

"கூடாதுன்னு உங்க புத்தகத்துல இருக்கா?"

மாசிலாமணி புரட்டினார். முன்னிருந்து பின்னும் புரட்டினார், பின்னிருந்து முன்னும் புரட்டினார். இல்லை. ஊரார் ஓட்டையை எல்லாம் அடைத்தவருக்குத் தன் காலடியில் இருந்த ஓட்டை தெரியவில்லை.

கும்மாளத்தம்மா வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "தனபாக்கியம்மா, ஒரு கை குறையுது. வாங்க."

"தலை வலிக்குதும்மா."

"உங்க வீட்டுக்காரர் ஆடலை. அவர் ஒப்புக்குச் சப்பாணி."

தனபாக்கியம் எழுந்து வந்தார். தலைவலி முருங்கை மரத்தடியிலேயே தங்கிவிட்டது.

சடையாண்டியும் வந்து சேர, துணியைச் சுற்றி நாலு பேரும் உட்கார்ந்தார்கள். கும்மாளத்தம்மா நிபந்தனையைச் சொன்னார். "சப்பாணி கொட்டை உருட்டலாம், தண்ணி எடுத்து வைக்கலாம். எதுவும் கணக்குல வராது. அவரும் யார் மடையையும் வெட்ட முடியாது, அவர் மடையையும் யாரும் வெட்ட முடியாது."

"பேசலாமா?" என்று கேட்டார் மாசிலாமணி.

"தாராளமா. தீர்ப்பு மட்டும் சொல்லக் கூடாது."

முதல் சுற்றில் அவருக்குக் காது சூடாகிவிட்டது. உருட்டினார். மூன்று வெள்ளை விழுந்தது. மூன்று மணிகளை எடுத்து வைத்தார். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த சுற்றில் எல்லாக் கொட்டையும் வெள்ளை. பெரிய யோகம். அதையும் ஒருவரும் பார்க்கவில்லை. அவமானமாக இருந்தது.

தன் வயலைக் கவனித்துப் பிரயோசனம் இல்லை என்று ஆனபிறகு, வேறு வழியில்லாமல் எதிரே இருந்தவர்களைப் பார்த்தார்.

சடையாண்டி உருட்டுவதற்கு முன் கொட்டைகளைக் காதருகே வைத்து ஏதோ ரகசியம் கேட்டார். கும்மாளத்தம்மாவுக்கு ஆடவே வரவில்லை. ஒற்றை வெள்ளை விழுந்தாலும் மடம் அதிரக் கத்தினார். தனபாக்கியம் நாக்கை ஓரமாகத் துருத்திக்கொண்டு உருட்டினார்.

இவள் நாக்கைத் துருத்துவாள் என்பது அவருக்கு மறந்தே போயிருந்தது.

தனபாக்கியத்துக்கு எல்லாமே வெள்ளையாக விழுந்தது. சடையாண்டியின் மடையை வெட்டினார்.

"அக்கா! நான் சோறு போடுறவன்க்கா!"

"சோறு சாப்பாட்டு நேரத்துக்கு. இது தண்ணி."

மாசிலாமணி விரலை உயர்த்தினார். "அத்தியாயம் நாலு, பிரிவு..."

மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள். விரல் தானாக இறங்கியது.

சடையாண்டியின் வயல் வறண்டு கிடந்தது. அவர் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டார். தனபாக்கியம் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தன் வயலிலிருந்து இரண்டு மணிகளை எடுத்து அவர் பக்கம் தள்ளினார்.

"நாத்தைக் காய விடக் கூடாது. அது பாவம்."

மாசிலாமணி விழித்தார். தண்ணீரை வெட்டுவதற்கு அவர் பக்கம் பக்கமாக எழுதியிருந்தார். கொடுப்பதற்கு ஒரு வரி எழுதவில்லை. ஒருத்தி கொடுப்பாள் என்றே அவருக்குத் தோன்றியதில்லை.

ஆட்டம் சூடு பிடித்தது. தனபாக்கியத்துக்கும் கும்மாளத்தம்மாவுக்கும் வயல் நிறைய இன்னும் கொஞ்சம்தான் பாக்கி.

தனபாக்கியம் உருட்டினார். வெள்ளை, வெள்ளை, வெள்ளை. ஒன்று மட்டும் கறுப்பு.

கும்மாளத்தம்மா ஐயோ என்று துள்ளினார். அந்தச் சமயம் தனபாக்கியத்தின் முந்தானை அந்தக் கொட்டைமேல் பட்டு நகர்ந்தது. கொட்டை வெள்ளையாகிவிட்டது.

தனபாக்கியம் நிமிர்ந்தார். புருஷன் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

மாசிலாமணியின் வாய் பழக்கத்தில் திறந்தது. பிறகு அவர் மேலே பார்த்தார்.

"இந்த ஓட்டுல பல்லி இருக்கும்போல" என்றார்.

தனபாக்கியம் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். மூடியும் சிரிப்பு நிற்கவில்லை, தோள் குலுங்கியது. அந்தச் சிரிப்பைக் கேட்டு ஒரு வருஷம் ஆகிறது.

"அழுகுணி!" என்று கத்தினார் கும்மாளத்தம்மா. "இது அழுகுணி ஆட்டம்! கொட்டையைப் புரட்டிட்டீங்க!"

"சாட்சி யாரு?" என்றார் தனபாக்கியம். கோர்ட் கிளார்க்கோடு குடும்பம் நடத்தியவர் அல்லவா.

"சப்பாணி பார்த்தாரு! நீங்க சொல்லுங்கய்யா!"

மாசிலாமணி நிமிர்ந்து உட்கார்ந்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"சப்பாணி சாட்சி செல்லாது."

சடையாண்டி துணிமேலேயே புரண்டுவிட்டார். நீலமணிகள் நாலாபக்கமும் ஓடின. எந்த வயலில் எத்தனை இருந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. இருந்தாலும் ஜெயித்தது தானே என்று தனபாக்கியம் சொன்னார், அதை யாரும் மறுக்கவில்லை.

சிரித்து ஓய்ந்தபின் அவர் மணிகளைப் பொறுக்கி ஏரியில் போட்டார். ஓரம் மடங்கிய துணியை நீவிவிட்டார்.

"என்னங்க, இந்த ஆட்டம் நல்லாத்தான் இருக்கு. இன்னொண்ணு போடலாமா?"

மாசிலாமணி தலையை வேகமாக ஆட்டினார்.

"குழம்பு கொதிக்குது" என்றார் சடையாண்டி. எழுந்திருக்கவில்லை.

மாசிலாமணி அவசரமாக நகர்ந்து, இருந்த இடத்திலேயே நன்றாகச் சப்பணமிட்டு உட்கார்ந்தார். வேறு யாரும் முந்திக்கொள்ளக் கூடாதே என்று கையையும் தூக்கினார்.

"நான் சப்பாணி!"

கும்மாளத்தம்மாவின் முகத்தில் சிரிப்பு நின்றுவிட்டது.

"எந்திரிங்கய்யா."

"ஏம்மா?"

"இந்த மடத்துல அது எப்பவும் என் இடம். ஒரே ஒரு ஆட்டத்துக்குத்தான் உங்களுக்குக் குடுத்தேன்."