பனித்தீவுக் குப்பிகள்

முதலில் வம்புக்கு வந்தவர் மந்திரி நீதிவாணர்தான். நான் அல்ல. அரண்மனையில் இன்றைக்கும் சிலர் மாற்றிச் சொல்கிறார்கள். அதனால் இதைச் சொல்லிவிட்டே தொடங்குகிறேன்.

பவளத்துறை மன்னர் உக்கிரசேனரின் சபையில் விகடம் பேசிப் பிழைத்தவன் நான். பள்ளிக்கூடத்துப் பக்கம் அதிகம் போனதில்லை. சம்பளம் என்று ராஜா கொடுத்தது துறைமுகத்தை ஒட்டிய கத்தரித் தோட்டம் ஒன்று. என் வீட்டு அடுப்பு எரிந்தது அதனால்தான்.

ஒரு நாள் பனித்தீவிலிருந்து கிரோல் துரை என்ற தூதர் வந்தார். சபைக்குள் நுழைந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"உங்கள் தெரு நாறுகிறது. எங்கள் நாட்டுத் தெருவில் ஒரு காலிக் குப்பியைக்கூடப் பார்க்க முடியாது."

"நாறுவது கருவாடு, துரை. அது எங்கள் சாப்பாடு" என்றேன்.

"நீ சும்மா இரு" என்றார் ராஜா. "குப்பிகளை என்ன செய்வீர்கள், துரை?"

"திராட்சை ரசம் விற்கும்போதே குப்பிக்கென்று ஒரு காசு கூடுதலாக வாங்கிக்கொள்வோம். காலிக் குப்பியைக் கொண்டுவந்தால் அந்தக் காசு திரும்பக் கிடைக்கும். யார் கொண்டுவந்தாலும் கடைக்காரன் கொடுத்தாக வேண்டும். சட்டம்! எங்கள் ஜனங்கள் பூமியை அவ்வளவு நேசிக்கிறார்கள்."

"காசை நேசிக்கிறார்கள் என்று சொல்லுங்கள்" என்றேன். "நாங்களும் குப்பியை எறிவதில்லை. விளக்கெண்ணெய் ஊற்றி வைப்போம். மூடி தொலைந்தால் துணியை அடைப்போம். உடைந்தால் திருடனுக்காக மதில்மேல் பதிப்போம். நீங்கள் காசு இருப்பதால் சுத்தம். நாங்கள் காசு இல்லாததால் சுத்தம்."

சபை சிரித்தது. துரை சிரிக்கவில்லை. வந்த காரியத்தைச் சொன்னார்.

"சேர்ந்த குப்பிகளைக் கழுவ எங்கள் ஆட்கள் கேட்கும் கூலி அதிகம். புதுக் குப்பி செய்வது மலிவு. உங்கள் மிளகுக் கப்பல் திரும்பி வரும்போது பழைய குப்பிகளை ஏற்றி அனுப்புகிறோம். ஒரு கப்பலுக்கு ஒரு பை பொன் தருவோம்."

ராஜாவின் மீசை துடித்தது. "எங்கே கொட்டுவது?"

மந்திரி என் பக்கம் திரும்பாமலே சொன்னார். "எட்டியப்பன் தோட்டம் சும்மாதானே கிடக்கிறது, மகாராஜா."

"சும்மாவா? காய்த்துக் கிடக்கிறது!"

"கத்தரிக்காய்தானே" என்றார்.

முதல் கப்பல் வந்தது. ஒரு குப்பியும் கழுவியதில்லை. அடியில் புளித்த ரசம், மேலே பூஞ்சணம், சுற்றிலும் ஈ. தோட்டமே மூடிப்போனது. என் மனைவி வடிவு இடுப்பில் கை வைத்து நின்றாள். "பொரியல் செய்யட்டுமா, குழம்பு வைக்கட்டுமா? உங்கள் ராஜாவைக் கேட்டு வாருங்கள்."

போனேன். ராஜா பொன்னைத் தடவிக்கொண்டிருந்தார்.

"குப்பிகளைத் தாராளமாக அள்ளிக்கொண்டு போ, எட்டியப்பா. ஆனால் எரிக்கக் கூடாது. புதைக்கக் கூடாது. கடலில் போடக் கூடாது. எனக்கு வரும் பொன் நிற்கக் கூடாது. முடியவில்லை என்றால் தோட்டத்தை மறந்துவிடு."

மந்திரி தாடிக்குள் சிரித்தார்.

"அப்படியே ஆகட்டும், மகாராஜா. அடுத்த மிளகுக் கப்பலில் என் சரக்கையும் ஏற்ற அனுமதி வேண்டும்."

"உனக்கு ஏது சரக்கு?"

"நீங்கள் கொடுத்ததுதான்."

அத்தனை குப்பிகளையும் சாக்கில் கட்டிக் கப்பலில் ஏற்றினேன். நம் மாலுமிகள் பனித்தீவில் இறங்கிக் கடை கடையாகப் போனார்கள். பாஷை தெரியாது. தேவையும் இல்லை. குப்பியை வைத்தார்கள், கையை நீட்டினார்கள். கடைக்காரர்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டே காசைக் கொடுத்தார்கள். குப்பிகள் மறுபடியும் அவர்கள் துறைமுகத்தில் குவிந்தன. அவர்களே ஒரு பை பொன்னும் கொடுத்து அதே கப்பலில் ஏற்றிவிட்டார்கள்.

இங்கே வந்த பிறகு நான் ஒரு குப்பியையும் இறக்கவிடவில்லை. எப்படியும் திரும்பிப் போகிற சரக்கை எதற்கு இறக்க வேண்டும்? மிளகை மட்டும் ஏற்றி அனுப்பினேன். குப்பிகள் போயின, வந்தன, போயின. தோட்டம் காலி. ராஜாவுக்கு இந்தப் பக்கம் பொன், அந்தப் பக்கம் காசு. எப்படி வருகிறது என்று அவர் கேட்கவும் இல்லை.

ஒரு நாள் கிரோல் துரை தொப்பிகூட இல்லாமல் சபைக்குள் ஓடிவந்தார்.

"மோசம்! கடைக்காரர்களுக்கு ஈடுகட்டியே எங்கள் கஜானா காலி! ஒரே குப்பிக்கு எத்தனை தரம் காசு கொடுப்பது? கழுத்து கோணிய குப்பி ஒன்றை எனக்கு முகம் பார்த்தே தெரிகிறது!"

"எட்டியப்பா, இது உன் வேலையா?" என்றார் ராஜா.

"யார் கொண்டுவந்தாலும் காசு என்று துரைதானே சொன்னார், மகாராஜா?"

"அது எங்கள் ஜனங்களுக்கு நல்ல பழக்கம் வருவதற்காகப் போட்ட சட்டம்!" என்று துரை கத்தினார்.

"எங்களுக்கும் வந்துவிட்டது, துரை" என்றேன்.

ராஜா கிரீடம் நழுவும்படி சிரித்தார். இனிமேல் குப்பிகளைத் தம் ஊரிலேயே கூலி கொடுத்துக் கழுவிக்கொள்வதாகச் சொல்லித் துரை கும்பிட்டுப் போனார்.

"என்ன வேண்டும், கேள்" என்றார் ராஜா.

"பொன் வேண்டாம். தோட்டத்து மண்ணில் கண்ணாடித் துண்டுகள் கலந்து கிடக்கின்றன. மந்திரியார் வந்து தம் கையால் பொறுக்கித் தர வேண்டும்."

ராஜா உத்தரவு போட்டார். மந்திரி பல்லக்கில் வந்தார். ஒரே ஒரு துண்டைப் பொறுக்கினார். இடுப்புப் பிடித்துக்கொண்டது, நாளைக்கு வருகிறேன் என்று போனார்.

அந்த ‘நாளை’ இன்னும் வரவில்லை. அவருக்கும் பல் போய்விட்டது, எனக்கும் போய்விட்டது. நேற்றுக் கோயில் வாசலில் என்னைக் கண்டதும் மனிதர் என்ன வேகமாக நடந்தார் தெரியுமா? தோட்டத்தில் ஒரு பாத்தியை மட்டும் நான் இன்றுவரை தொடவில்லை. அது அவர் வேலை.