கழுநீர்த் தொட்டி

பண்ணையார் நல்லபெருமாள் வாய்ப்புண்ணும் சோகையுமாக வெளுத்துக் கிடந்தார். அவர் வீட்டுப் பசுவோ எண்ணெய் தேய்த்ததுபோல மினுமினுத்தது. தனக்கு டவுனிலிருந்து வரும் டானிக்கை மாட்டுக்காரன் மாசானம்தான் திருடி மாட்டுக்கு ஊற்றுகிறான் என்று முடிவுகட்டி, அவனைத் தொழுவத் தூணில் கட்டச் சொன்னார். கயிறு மணிக்கட்டை அறுத்தது.

"ஏலே, என் சத்தையெல்லாம் மாட்டுக்கா கொடுத்த?"

"ஆமா எசமான், கொடுத்தேன்."

பண்ணையார் சாட்டையை ஓங்கினார். மாசானம் கண்ணை மூடவில்லை.

"திருடிக் கொடுக்கல எசமான். உங்க அடுப்படியிலருந்துதான் தினமும் வருது. அந்தத் தொட்டியைப் பாருங்க" என்று தாடையால் காட்டினான்.

கூட நின்ற சமையல்காரர் கழுநீர்த் தொட்டியைத் துழாவினார். அரிசியில் தீட்டி எடுத்த தவிடு, வடித்த கஞ்சி, முள்ளங்கிக் கீரை, உளுந்துத் தோல் எல்லாம் கையோடு வந்தன.

"எல்லாம் நீங்க மாட்டுக்குப் போடச் சொன்னதுதான். வெறும் வெள்ளைச் சோறுதான் உங்க இலைக்கு வருது" என்றான் மாசானம்.

ஓங்கிய சாட்டை அடிக்காமலே கீழே இறங்கியது. கட்டை அவிழ்த்தார்கள். மன்னிப்பு அந்த வாயிலிருந்து வருமா? வரவில்லை. ஆனால் மறுநாள் முதல் கீரையும் தீட்டாத அரிசியும் பண்ணையார் இலைக்குப் போயின. புண் ஆறியது, முகம் தெளிந்தது.

பசு கொஞ்சம் இளைத்தது. அதற்கும் மாசானத்தைத்தான் திட்டினார்.