எந்த ஊரில் முழித்தார்?

இந்தக் கதையில் வயிறு வலிக்கச் சிரிக்க ஒரு இடம் இருக்கிறது. ஆனால் இப்போதே ஆரம்பித்துவிடாதீர்கள். முதலில் பஸ் கிளம்ப வேண்டும்.

சற்குணம் பஸ் டிக்கெட் எடுக்க ஒரு ஆப் செய்திருந்தான். சாயங்காலம் பஸ் முதலாளி ஒருவர் பார்க்க வருகிறார். பிடித்தால் அவருடைய எல்லா பஸ்ஸுக்கும் இதுதான். பிடிக்காவிட்டால், மாமனாரின் சிமெண்டுக் கடையில் போய் உட்கார வேண்டியதுதான்.

அதற்குள் நாலு பேரிடம் கொடுத்துப் பார்த்துவிடலாம் என்று, காலையிலேயே சித்தப்பா மகன்கள் கோதண்டம், தாமு, பூவரசு மூவரையும் சேலையூர் வீட்டுக்குக் கூப்பிட்டான்.

"கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டுக்குப் போங்கடா. அங்க இருக்கிறவங்க கையில இந்தப் போனைக் குடுங்க. ஆளுக்கொரு டீ வாங்கிக் குடுங்க. சொல்லித் தர்றேன்னு வாயே திறக்கக் கூடாது. எந்த இடத்துல முழிக்கிறாங்கன்னு மட்டும் பார்த்து மெசேஜ் போடுங்க."

பஸ் ஸ்டாண்டில் மூவரும் கூடி நின்று யோசித்தார்கள்.

"முழிக்கணும்னா மொதல்ல தூங்கணும்ல?" என்றான் கோதண்டம்.

"தூங்காதவன் எப்படிடா முழிப்பான்?" என்றான் தாமு.

பூவரசுக்குத்தான் கவலை. "டீ குடிச்சா தூக்கம் போயிடுமே?"

"அதனால நாமளே குடிச்சிருவோம்" என்றான் கோதண்டம்.

குடித்தார்கள். மதுரை பஸ்ஸில் ஏறி, குறட்டை விட்டுக்கொண்டிருந்த ஒருவர் கையில் போனைச் செருகிவிட்டு, அவர் முகத்தையே பார்த்தபடி உட்கார்ந்தார்கள். பஸ் கிளம்பியது.

சற்குணத்துக்கு முதல் மெசேஜ்: "திண்டிவனத்துல முழிச்சாருண்ணே."

அடடா, ஆப்பின் ஊர்ப் பட்டியலில் திண்டிவனம் கண்ணுக்குத் தெரியவில்லை போலிருக்கிறது! எழுத்தைப் பெரிதாக்கினான்.

அடுத்தது: "இன்னொருத்தர் விழுப்புரத்துல முழிச்சாரு. முழிச்சதும் கத்துனாரு."

கத்துகிற அளவுக்கா? விழுப்புரத்துக்குச் சிவப்பு அடித்தான்.

"ஒரு அம்மா உளுந்தூர்பேட்டைல முழிச்சாங்க. அவங்க விழுப்புரத்துல எறங்கணுமாம். எங்களை அடிச்சாங்க."

வம்பே வேண்டாம் என்று நடுவில் இருந்த ஊர்களையெல்லாம் தூக்கிவிட்டான் சற்குணம். சென்னை, மதுரை மட்டும் மிச்சம்.

சாயங்காலம் முதலாளி வந்தார். ஆப்பைத் தடவித் தடவிப் பார்த்தார்.

"நம்ம பஸ்ஸெல்லாம் விழுப்புரம் வரைக்கும்தான் தம்பி போகுது. அந்த ஊரையே காணோமே?"

சற்குணம் அவசரமாகக் கோதண்டத்துக்குப் போன் போட்டான். கோதண்டம் எடுத்தான்; பேசவில்லை. ஹாரன் சத்தம் கேட்டது. பின்னாலேயே கண்டக்டர் குரல்: "மேலூரெல்லாம் எறங்கு!"

"டேய்! மேலூரா? பஸ்லயாடா இருக்கீங்க?"

மெசேஜ் வந்தது: "கத்தாதீங்கண்ணே. பஸ்ல எல்லாரும் முழிச்சிட்டாங்க. அதனால வாயைத் திறக்காமலே தாலாட்டி, தாமுவைத் தூங்க வெச்சிருக்கோம். நீங்க எழுப்பிட்டா மேலூர்னு கணக்காயிடும்."

சற்குணம் முழித்தான். சேலையூரில், முதலாளியின் முகத்துக்கு நேராக.