உள்ளறைக்குப் போன தட்டு

"செல்லுக்கு அறிவே கிடையாது மேடம்," என்றாள் மங்கையர்க்கரசி.

ஆசிரியை ஜமீலா நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எந்தச் செல்லுக்கு?"

"எல்லாத்துக்கும்தான். உங்க செல்லு, என் செல்லு, ஊர்ல இருக்கிற அத்தனை பேர் செல்லும். நடுவுல உட்கரு. பரம்பரையே அதுக்குள்ளதான் இருக்கு. சுத்திச் சுவர், சுவர்ல வாசல். பெரிய புரதம் எதுவும் தானா நுழைய முடியாது. தூக்கிட்டுப் போகன்னே தனியாப் புரதங்கள் இருக்கு. இவ்வளவு காவல் வச்சுட்டு..."

"வச்சுட்டு?"

"வைரஸோட புரதம் வந்து நின்னா, அதையும் தோள்ல ஏத்தி உள்ள கொண்டுபோய் இறக்குது. கொல்ல வந்தவனுக்குப் பல்லக்கு! கொஞ்சம் அறிவிருந்தா, யாருப்பா நீன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்காது?"

"நீங்களா இருந்தா கேட்டிருப்பீங்க."

"நிச்சயமா."

ஆசிரியை அப்போதுதான் நிமிர்ந்தார். அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சரி டாக்டரம்மா," என்று எழுந்து வெளியே போய்விட்டார்.

ஆசிரியைக்கு மங்கையர்க்கரசியின் மகள் வயதுதான் இருக்கும். அதனால் என்ன? தாராபுரத்தில் தலை நரைக்கும்வரை வைத்தியம் பார்த்தவள் அவள். ஒரு மழைக்காலக் காய்ச்சல் ஊரைப் புரட்டிப் போட்டது. அவளோடு இருந்த நர்ஸ் சகாயமேரியையும் கொண்டுபோனது. அந்த மாதமே மருத்துவமனையைத் தம்பியிடம் விட்டுவிட்டு, அந்த வைரஸைப் பற்றி யாருக்கு அதிகம் தெரியும் என்று விசாரித்துக்கொண்டு இந்த ஆய்வகத்துக்கு வந்தாள். வாசலில் நின்று, "எனக்குச் சொல்லிக் கொடுங்க," என்றாள்.

அப்படிக் கேட்க முடிந்ததில் அவளுக்கு ஒரு கர்வம் உண்டு.

இப்போது இன்னொரு கர்வமும் சேர்ந்திருந்தது. அவள் ஒரு மருந்து கண்டுபிடித்திருந்தாள். தூக்கிச் செல்லும் புரதத்தின் கையை அது கட்டிப்போட்டது. காய்ச்சல் வைரஸை விட்ட கிண்ணத்தில் மருந்தை ஊற்றினால், வைரஸின் புரதம் உட்கருவுக்கு வெளியே, வண்டியைத் தவறவிட்டவன் போல நின்றது.

மனசுக்குள் அந்த மருந்துக்குச் சகாயம் என்று பேர் வைத்திருந்தாள். ஆசிரியை ஒரு தலையசைப்பு தந்தால் அடுத்த சோதனைக்குப் போய்விடும்.

அவர் இன்னும் தலையசைக்கவில்லை. "எல்லாக் கிண்ணத்தையும் பார்த்தாச்சா?" என்று மட்டும் ஒருநாள் கேட்டார். "பார்த்தாச்சு," என்றாள் அவள்.

ஒன்றைப் பார்க்கவில்லை. வைரஸ் இல்லாத நல்ல செல்களுக்கும் அதே மருந்தை ஊற்றி, முறை என்பதற்காக ஒரு கிண்ணம் வைத்திருந்தாள். அது பின்வரிசையில் இருந்தது. நோயில்லாதவர்களைத் திரும்பிப் பார்க்க ஒரு டாக்டருக்கு எங்கே நேரம்?

அந்த ஆய்வகத்தில் ஒரு வழக்கம்.

செல் வளர்க்கும் உள்ளறைக்குக் கதவு பொத்தானை அழுத்தினால்தான் திறக்கும். கட்டியவர் யாரோ பொத்தானைக் கதவிலிருந்து தள்ளி, முன்னறை மேசையோரத்தில் வைத்துவிட்டார். இரண்டு கையாலும் தட்டைப் பிடித்து வருகிறவருக்கு அது எட்டாது. அதனால் வருகிறவர், "கை!" என்று ஒரு குரல் கொடுப்பார். மேசையில் இருப்பவர் முழங்கையால் பொத்தானைத் தட்டுவார். உள்ளே போகிறவர் தலைமுதல் கால்வரை நீல அங்கி, முகமூடி, தொப்பி. யார் எவர் என்று யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

அன்று மேசையில் மங்கையர்க்கரசி.

"கை!"

முழங்கை தானாகப் போய்ப் பொத்தானைத் தொட்டது.

"பார்த்துப் போங்க, படி ஈரமா இருக்கு," என்றும் சொன்னாள்.

நீல அங்கி உள்ளே போயிற்று. தட்டை வைத்தது. மேலே மூடியிருந்த காகிதத்தை எடுத்தது. கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த மங்கையர்க்கரசி எழுந்தே விட்டாள்.

இறுக மூடிய ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள் ஒரு தம்ளர் டீ, இரண்டு பருப்பு வடை.

செல் வளர்க்கும் அறையில் வடை!

முகமூடி இறங்கியது. ஆசிரியை.

"பெட்டியைத் திறக்கலை, பயப்படாதீங்க," என்றார், தட்டோடு வெளியே வந்து. "என்னை உள்ள விட்டது யாரு?"

மங்கையர்க்கரசியின் முகம் சுருங்கிவிட்டது.

"நான்தான்."

"யாருன்னு கேட்டீங்களா?"

"கேட்கலை." உடனே அவளுக்குக் கோபம் வந்தது. "இனிமே கேட்பேன். கேட்கிறது என்ன, யாருக்குமே திறக்கப் போறதில்லை."

"நல்லது. அப்படியே இருங்க," என்றார் ஆசிரியை. தட்டோடு பக்கத்திலிருந்த தன் அறைக்குப் போனார்.

மங்கையர்க்கரசி இரு கைகளையும் கட்டிக்கொண்டு பொத்தானுக்குக் காவல் உட்கார்ந்தாள்.

"கை!"

அவள் அசையவில்லை.

"கை! டாக்டரம்மா, நான்தான், இருதயராஜ்!"

"முகமூடிக்குள்ள யாரு வேணா இருதயராஜா இருக்கலாம்."

"என் தொப்பையைப் பாருங்க. இதை யாராவது வேஷம் போட முடியுமா?"

பின்னால் வந்து நின்ற பெண் சிரித்தாள். அவள் கையிலும் ஒரு தட்டு. அவளுக்குப் பின்னால் இன்னொருவர். வரிசை வாசலைத் தாண்டிப் போயிற்று.

"தட்டைக் கீழே வைக்கக் கூடாது, தெரியும்ல?" என்றார் இருதயராஜ். சிரிப்பு போய்விட்டிருந்தது. "என் பிள்ளைங்க குளிர்ல நிக்குதுங்க. செத்துப்போயிரும். இந்த ஏசி ஒத்துக்காது அதுங்களுக்கு."

பிள்ளைங்க என்று அவர் சொன்னது தட்டிலிருந்த செல்களை. நல்ல செல்கள். எந்தக் காய்ச்சலும் இல்லாதவை.

மங்கையர்க்கரசியின் கட்டிய கை அவிழ்ந்தது.

நல்ல செல்கள்.

பொத்தானைத் தட்டினாள். "எல்லாரும் போங்க, போங்க!" என்று சொல்லிக்கொண்டே தானும் அங்கியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவர்கள் பின்னாலேயே உள்ளே ஓடினாள். இன்குபேட்டரைத் திறந்து, பின்வரிசையில் கையை விட்டு, தான் பார்க்காத அந்தக் கிண்ணத்தை எடுத்து, நுண்ணோக்கியில் வைத்தாள்.

செல்கள் எல்லாம் கிண்ணத்தின் தரையை விட்டுக் கிளம்பி, உருண்டு, மிதந்துகொண்டிருந்தன. ஒன்றுகூட உயிரோடு இல்லை.

அவளுடைய மருந்து வைரஸை மட்டும் வெளியே நிறுத்தவில்லை. பழுது பார்க்கப் போன புரதத்தை, சேதி கொண்டுபோன புரதத்தை, வாழ்வதற்கு வேண்டிய ஒவ்வொன்றையும் தட்டோடு வாசலில் நிறுத்திவிட்டிருந்தது.

ஆசிரியையின் அறைக்குப் போய்க் கிண்ணத்தை மேசைமேல் வைத்தாள்.

"சகாயம் செத்துட்டா மேடம்."

எந்தச் சகாயம் என்று ஆசிரியை கேட்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டார். வடை ஒன்றை அவள் பக்கம் தள்ளினார். அவள் தொடவில்லை.

"தாராபுரத்துல," என்றார் ஆசிரியை, "உங்க வீட்டுக் கதவைத் தட்டினவங்களை, யாரு, என்ன சாதி, ஃபீஸ் இருக்கான்னு கேட்டுட்டா திறந்தீங்க?"

மங்கையர்க்கரசி நிமிர்ந்தாள்.

"ஒரு நாளும் இல்லை."

"திருடன் வந்ததில்லையா?"

"வந்திருக்கான். காயத்துக்குக் கட்டுப் போட்டு அனுப்பினேன். போகும்போது குடையை எடுத்துட்டுப் போயிட்டான்."

"அப்புறம் கதவைப் பூட்டுனீங்களா?"

"எதுக்குப் பூட்டணும்? அவன் வந்தான்னு, வலியோட வர்றவங்களை வெளிய நிறுத்தவா?" குரல் உயர்ந்துவிட்டது. "அந்தத் தெருவுல பூட்டாத கதவுன்னா அது என் கதவுதான் மேடம். சகாயமேரி சாகிறவரைக்கும் தாழ்ப்பாளே போட்டதில்லை. நாங்க அப்படி."

"தெரியும்," என்றார் ஆசிரியை. "செல்லும் அப்படித்தான்."



ஆசிரியை தம்ளரையும் பெட்டியையும் தட்டில் எடுத்து வைத்துக்கொண்டு எழுந்தார். வலது உள்ளங்கையை விரித்து அதன்மேல் தட்டை ஏந்தி, இடது கையை அங்கிப் பைக்குள் விட்டுக்கொண்டு நடந்தார். தட்டு துளி ஆடவில்லை.

"மேடம், நில்லுங்க."

ஆசிரியை நின்றார்.

"அப்போ உள்ள போகும்போதும் இப்படித்தான் பிடிச்சிருந்தீங்களா?"

"வாணியம்பாடியில எங்க அத்தா டீக்கடை வச்சிருந்தார். எங்க வீட்டுல எல்லாரும் இப்படித்தான் பிடிப்போம்."

மங்கையர்க்கரசி உள்ளறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். இருதயராஜ், அந்தப் பெண், அவளுக்குப் பின்னால் வந்தவர், எல்லாரும் தட்டுகளை இடம் மாற்றிக்கொண்டிருந்தார்கள், ஒவ்வொரு தட்டின் இரண்டு ஓரத்தையும் இரண்டு கையால் பிடித்து. அந்த ஆய்வகத்தில் ஒருவர்கூட வேறு மாதிரிப் பிடித்ததில்லை.

"ஒரு கை சும்மா இருந்திருக்கு. அதோட வந்து 'கை'ன்னு குரல் வேற!" என்றாள்.

ஆசிரியையின் கண் சிரித்தது.

"தட்டை ஒரு நிமிஷம் மேசைமேல வையுங்க."

வைத்தார். மங்கையர்க்கரசி தட்டை லேசாகச் சாய்த்து, தன் உள்ளங்கையை அதன் அடியில் நடுவாக ஒட்டிவைத்தாள்.

"இப்போ உங்க கடை மாதிரி தூக்குங்க."

ஆசிரியையின் விரல்கள் அடியில் இடம் தேடின. எங்கே போனாலும் அவள் கை இருந்தது.

"முடியலையே டாக்டரம்மா."

"ஓரம் ரெண்டும் சும்மாதான் இருக்கு. எங்க ஆளுங்க யாரு வேணா தூக்கலாம்." அவளுக்கு மூச்சு வாங்கியது. "நான் கையை முழுசாக் கட்டிட்டேன் மேடம். அந்த வைரஸ் எந்த இடத்துல பிடிக்குதுன்னு பார்க்கவே இல்லை. அந்த ஒரு இடத்தை மட்டும் மறைச்சாப் போதும்."

ஆசிரியை அவளைப் பார்த்து, மெதுவாக, ஒரே ஒருமுறை தலையசைத்தார்.

"கை!"

முன்னறையிலிருந்து யாரோ குரல் கொடுத்தார்கள்.

மங்கையர்க்கரசி விரைந்து போய்ப் பொத்தானைத் தட்டினாள். யாரென்று கேட்கவில்லை.